பன்னிரண்டு வெள்ளெலி வளைகள்

அப்பா சவுதியில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். மசரா என்பார் அதை. நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் விமானம் ஏறியவர், இடையில் மூன்று தடவை வந்து போனார். பதின்மூன்று வருடம் போனிலேயே பேசிக்கொண்டிருந்தால் பேச்சு தேய்ந்துதான் போகும். சாப்பிட்டியா, மழை பேஞ்சுச்சா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லி முடித்தபின் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்கும். வைக்கட்டுமா என்று கேட்கவும் மனசு வராது.

இப்படி இருக்கையில் ஒரு புரட்டாசி மாதம் அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பத்து வினாடிதான். பொழுது சாய்ந்த மணலில் ஒரு கையளவுப் பிராணி. முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு, நீளமான பின்னங்கால் இரண்டில் மட்டும் நின்றது. உடம்பைவிட வால் நீளம். வால் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குஞ்சம். ஒரே தாவு, காணோம். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அவருக்கு எல்லாமே குரல் பதிவுதான். பின்னாலேயே அதுவும் வந்தது.

"தம்பி, இது என்னன்னு பாரு. எலியா, அணிலா, முயக்குட்டியா? இங்கிட்டு உள்ளவுங்க ஜர்பூங்கிறாங்க. கொஞ்ச நாளா எங் கதவுகிட்ட வருது."

நான் புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். நான் படிப்பதில் அப்பாவுக்குப் பெருமை உண்டு. ஆனால் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் படிப்புக்குள் வரும் ஒரு கேள்வியைக் கேட்டார். கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு, பேருந்து நிலையத்தில் நின்றபடியே பதில் பேசி அனுப்பினேன். அது எலி வகைதான், பாலைவனத்துக்கென்றே ஆனது. பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். வெயில் ஏறுமுன் வாயிலை உள்ளேயிருந்தே மணலால் அடைத்துக்கொள்ளும். வெளிச் சூடு உள்ளே வராது, அது விடுகிற மூச்சின் ஈரமும் வெளியே போகாது. தண்ணீர் குடிக்கவே வேண்டியதில்லை, தின்னும் விதையிலும் செடியிலும் உள்ள ஈரமே போதும். சிறுநீர்கூடச் சில சொட்டுதான், அதுவும் கெட்டியாக.

மறுநாள் வந்த பதிவில் அப்பா சிரித்துக்கொண்டே பேசினார். "தண்ணியே குடிக்காதா? நான் ஒரு வாரமா மூடியில ஊத்தி வச்சுக்கிட்டு இருக்கேன், மோந்துகூடப் பாக்கல. தம்பி, இத மொதலாளி காதுல போட்டுறாத. ஆட்டுக்கும் இப்படி ஒரு கிட்னி வைக்க முடியுமான்னு பாப்பாரு. அது முடிஞ்சா அடுத்து எங்களுக்கு வைப்பாரு."

அதற்குப்பிறகு வாரம் இரண்டு மூன்று கேள்வி வரும். குபூஸ் ரொட்டித் துண்டு போடலாமா? ஏன் தத்தித் தத்திப் போகுது? கூட்டமா இருக்குமா, தனியாவா?

"தனியாத்தான்ப்பா இருக்கும்" என்று அனுப்பினேன். அதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. "அப்பச் சரி. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கடைசிப் பருவத்தில் ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கச் சொன்னபோது நான் வெள்ளெலியை எடுத்தேன். ஏன் அது என்று ஆய்வுக்கு வழிகாட்டுகிற மேடம் கேட்டதற்குக் கடலைக்குச் சேதம் செய்கிறது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் நிஜமான காரணம் அப்பாவிடம் பேச எனக்கு ஓர் எலி வேண்டியிருந்தது. வெள்ளெலி அந்தப் பாலைவன எலிக்குத் தூரத்துச் சொந்தம்போல. வறண்ட நிலத்துப் பிறவி, வயிறு வெள்ளை, முதுகு நம் செம்மண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்த நிறம், பெரிய கறுப்புக் கண், நீண்ட வாலின் நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம். இதுவும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு பகலைக் கழிக்கும்.

திருவரங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் கடலைக் கொல்லையிலும், அதையும் தைலமரக் காட்டையும் பிரிக்கிற பொட்டலிலுமாகப் பன்னிரண்டு வளைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் எண் எழுதிய சிவப்புத் துணி. அம்மாவின் கிழிந்த பாவாடைதான் அது. மாலை ஐந்தரைக்கு எல்லா வாயில்களையும் மண் போட்டு மூடிவிடுவேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் எது திறந்திருக்கிறதோ அதில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாயிலைச் சுற்றிச் சலித்த மணல் தூவியிருப்பேன். அதில் பின்னங்கால் தடம் ஜோடி ஜோடியாகக் கிடக்கும், நடுவே வால் இழுத்த கோடு. ஒவ்வொரு வளைக்கும் வெளியே தெரியாத ஒரு வழியும் உண்டு. மேல்மண்ணுக்கு நாலு விரல் கீழே வந்து நின்றுவிடும். பாம்பு உள்ளே நுழைந்தால் எலி அந்த நாலு விரல் மண்ணைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு வெளியே பாயும்.

ஊரில் சிரித்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் குச்சிகளைப் பார்த்துவிட்டு, எலிச்சாமிக்கு என்றைக்குப் பொங்கல் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். டீக்கடையில் ஒருவர், பட்டம் வாங்கிப் பூனை வேலைக்குப் போறியாப்பா என்றார். எனக்கு வருத்தமில்லை. இரண்டு மாதத்தில் ஒருவரும் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. படிப்புக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் அப்பா நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வருவதாகச் சொன்னார். அதனால் வெள்ளெலி ஆய்வைப் போனில் சொல்லாமல் நேரிலேயே காட்டலாம் என்று வைத்திருந்தேன். எனக்கு அவரிடம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் என்னோடு பொட்டலுக்கு வந்து உட்கார வேண்டும், நான் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குள் இருக்கிற மகனுக்கு ஒன்பது வயது. அனுப்புகிற சட்டைகூட அளவில் சின்னதாகவே வரும். இப்போது இருக்கிற என்னை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

இதில் என் தப்பு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்கு வெள்ளெலிக் கறி என்றால் உயிர். எங்கள் பக்கம் கடலை பிடுங்கி முடிந்ததும் வளையைத் தோண்டி வெள்ளெலி வெட்டப் போவார்கள். அப்பா அதில் கெட்டிக்காரர். தீயில் மயிரைப் பொசுக்கி, கழுவி, மிளகாயும் உப்பும் தடவி வறுத்தால் பின்னந்தொடை எனக்கு என்று ஒதுக்கி வைப்பார். பதினாறு வயதில் நான் அதைத் தின்பதை விட்டுவிட்டேன். பெரிய கொள்கையெல்லாம் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் பையன்கள் கேலி செய்தார்கள், அதனால் விட்டேன். பிறகு படிக்கப் படிக்க அந்த ஆசையே போய்விட்டது. ஆனால் அப்பா போனில் பேசி முடிக்கும்போதெல்லாம், வந்ததும் ஒனக்கு வெள்ளெலி வெட்டித் தாரேன் என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் சரிப்பா என்பேன். ஆறு வருடமாகச் சரிப்பா. இடையில் அவர் வந்த ஒரு தடவையும் மழைக்காலமாகிப்போனதால் வெட்டப் போகவில்லை.

அப்பா வந்தார். முதல் வாரம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சோப்பும் தைலமும் பிரித்துக் கொடுத்து முடிந்தபின் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. வாசலில் நிற்பார், கொல்லைப்பக்கம் போவார், திரும்ப வாசலுக்கு வருவார். நான் பக்கத்தில் போனால் சாப்பிட்டியா என்பார். சாப்பிட்டேன்ப்பா என்பேன். போனில் எலியைப் பற்றி அத்தனை கேட்டவர் நேரில் என் முகத்தைப் பார்த்ததும் கூச்சப்பட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம்ம கொல்லைல பன்னெண்டு வளை இருக்குப்பா, ஒரு நாளைக்குப் போவோம் என்று ஒருமுறை சொன்னேன். பாத்தேன் பாத்தேன், சிவப்புத் துணி கட்டியிருக்கியே என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

பத்தாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் புதுக்கோட்டை போனேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். மூன்று மணி பஸ்ஸில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே மயிர் பொசுங்கிய வாடை வந்தது. அந்த வாடையை மறக்க முடியாது. என்ன நடந்திருக்கிறது என்று வீட்டுக்குள் போகுமுன்பே தெரிந்துவிட்டது.

அப்பா அடுப்படியில் குத்தவைத்திருந்தார். கையெல்லாம் செம்மண். பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை. கல்லில் ஆறு கிடந்தன, கழுவி, வாலறுத்து. முகத்தில் பத்து நாளாக இல்லாத தெளிச்சி.

"நீ வாரதுக்குள்ள முடிச்சிறணும்னு பாத்தேன். அஞ்சு வளைதான் ஆச்சு. கை முன்ன மாதிரி இல்ல" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வளையை முதலில் பார்த்தவர் பக்கத்தில் குச்சி ஊன்றித் துணியோ ஓலையோ கட்டிவிட்டுப் போனால் அது அவர் வளை. வேறு யாரும் வெட்டமாட்டார்கள். அவர் வெட்டுவார், அல்லது அவர் வீட்டு ஆள் வெட்டுவார். ஆய்வுக்குப் புத்தகம் சொன்னபடி அடையாளம் நட்ட எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஊர் இரண்டு மாதம் அதைத் தொடாததற்குக் காரணமும் அதுதான். அப்பா அந்தத் துணிகளைப் பார்த்திருக்கிறார். மகன் தனக்காகப் பன்னிரண்டு வளையைப் பார்த்துக் குறித்து வைத்துக் காத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

கை கழுவி உட்கார்ந்தேன். தட்டில் சோறு வைத்து, மேலே இரண்டு பின்னந்தொடை வைத்தார். எதிரே உட்கார்ந்து நான் வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தின்றேன். ருசி அப்படியேதான் இருந்தது. இரண்டாவதைப் பிட்டேன், உள்ளே போகவில்லை. அந்த நேரத்தில் அம்மா வந்து வாசற்படியில் நின்றார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங்க, அவன் அதத் திங்கிறத விட்டு ஆறு வருசமாச்சுங்க. அந்த எலியத்தான் அவன் காலேசுல படிக்கிறான்."

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கேட்டப்பல்லாம் சரி சரின்னியே தம்பி" என்றார்.

"ஆமாப்பா."

அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியது இது. வெள்ளெலிக் கறி எனக்குப் பிடிக்கும் என்பது ஒன்றுதான் அவருக்கு என்னைப் பற்றி உறுதியாகத் தெரிந்த விஷயம். அதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் போனில் எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று பயந்தேன். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். கறியை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவே போனில் சொன்னதும் மேடம் முதலில் திட்டினார். நியாயமான திட்டு. பிறகு, நடந்ததை நடந்தபடி எழுது, மிச்சமுள்ள ஏழு வளைகளை வைத்துத் தொடர் என்றார். தோண்டின குழிகளின் ஆழத்தையாவது அளந்தாயா என்றும் கேட்டார். நான் அளக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது குழிகளை அப்பா தூர்த்திருந்தார். காலால் மிதித்து, மேலே சருகு தூவி, துணி கட்டிய குச்சியையும் பழையபடி நட்டு வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் நான் கூப்பிடாமலேயே பின்னால் வந்தார். மிச்சமுள்ள வளைகளை நான் மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வளையிலேயே குனிந்து அவரும் மண்ணை அள்ளிவிட்டார். எதற்கு மூடுகிறேன் என்று சொன்னேன். எட்டாம் எண் குச்சி வந்ததும் நின்றார்.

"இது நான் வெட்டுனதுதான். கண்ணு தொறக்காத குட்டி நாலு இருந்துச்சு, தாயும் இருந்துச்சு. அத மட்டும் எடுக்கல. காஞ்ச புல்ல மறுபடி வச்சு, ஓலையப் போட்டு, மிதிக்காம மூடிட்டேன். இருக்குமா?"

"தெரியலப்பா. காலைல பாப்போம்."

பொட்டலில் உட்கார்ந்தோம். நான் வேண்டியிருந்த சாயங்காலம் இதுதான், ஆனால் இப்படி வரும் என்று நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு குழியும் எத்தனை முழம் போனது, எங்கே இரண்டாகப் பிரிந்தது, கூடு எந்தக் கிளையில் இருந்தது, வெளியே தெரியாத அந்த மூடிய வழி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்தும் அவருக்கு மனப்பாடம். நான் நோட்டைப் பிரித்து எழுதினேன். முழத்துக்கு அவர் கையை நாடாவால் அளந்துகொண்டேன். கையை நீட்டிக்கொண்டு, எம் பொணத்த அளக்குற மாதிரி அளக்காதடா என்றார். பதின்மூன்று வருடத்தில் அவர் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். அங்கே கதவுக்கு வருகிற அந்த எலியை ஒருநாளாவது பிடித்துத் தின்ன நினைத்ததுண்டா என்று.

முகம் மாறிவிட்டது. "மசராவுல ஒருத்தன் கல்லெடுத்தான். நான் அவன அடிக்கப் போயிட்டேன்" என்றார். பிறகு, "இது நம்ம ஊரு எலி, திங்கிறது. அது அப்படி இல்ல தம்பி. அங்க எனக்கு அது ஒரு ஆளு" என்றார்.

இப்போதும் அது வருமா, நீங்கள் இல்லாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். வரும், வந்து பார்த்துவிட்டுப் போகும் என்றார். பத்து நாளாக அவர் ஏன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே இருந்தபோது எங்களை நினைத்து ஏங்கியவர் இங்கே வந்து அதை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார். இதில் நான் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அவர் படுக்கையில் இல்லை. பொட்டலில் எட்டாம் வளைக்குப் பத்தடி தள்ளிக் குத்தவைத்திருந்தார். எட்டில் மண் அப்படியே இருந்தது. தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போயிருக்கலாம், அப்படி நடப்பதுண்டு என்று சொன்னேன். நீ படிச்சதா, எனக்காகச் சொல்றியா என்றார். படித்ததுதான் என்றேன். அது உண்மை. ஏழில் நான்கு திறந்திருந்தன. நான்கின் எண்ணையும் அவரே சொன்னார், நான் எழுதினேன். அதற்குப்பிறகு விடுப்பு முடிகிறவரை காலையும் மாலையும் வந்தார். எட்டு திறக்கவே இல்லை.

திருச்சி விமான நிலையத்துக்கு வேன் வைத்துப் போனோம். அடுத்த விடுப்பு எப்போது என்று அம்மா கேட்கவில்லை, கேட்டால் மூன்று வருடம் என்றுதான் வரும். உள்ளே போகிற வரிசையில் அப்பாவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். நாங்கள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றோம். வெள்ளைச் சட்டைக்காரர் அப்பாவிடம், யாருங்க, மகனா, என்ன படிக்கிறாரு என்று கேட்டது காதில் விழுந்தது. காலேஜ் படிக்கிறான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

"எம்.எஸ்ஸி. வெள்ளெலியப் பத்தி ஆராய்ச்சி பண்றான்."

"எலியா? அதுல என்னங்க இருக்கு படிக்க?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு வளைக்கு எத்தனை வாசல், சொல்லுங்க பாப்போம்."

வரிசை நகர்ந்தது. காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பேச்சு கேட்கவில்லை. அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டிக்கொண்டிருந்தார். இறங்குகிறது, வளைகிறது, இரண்டாகப் பிரிகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் தலையாட்டிக் கேட்டார். அம்மா கண்ணாடியில் கையை வைத்து, பாக்குறாரா பாரு, பாக்குறாரா பாரு என்றார். அப்பா பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பினால் போதும் என்று இருந்தது எனக்கு. திரும்பினால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்றும் இருந்தது. அவர் நான்கு விரலைச் சேர்த்துப் படுக்கை வாக்கில் நீட்டினார். மூடிய வழிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது.